எட்டாத மருத்துவத்தை எட்டச் செய்தவர்

நுழையும்முன்

ஒரு நோய்க்கு மருந்து கண்டறியப்பட்டது என்னும் செய்தியை நாம் மகிழ்ச்சியோடு படிக்கிறோம். ஆனால், அம்மருந்து ஒரு சிற்றூரில் வாழும் ஏழையின் வாயிலை அடைய எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. கண்டுபிடிப்புக்கும் பயன்பாட்டுக்கும் இடையிலுள்ள அந்த நீண்ட தொலைவைக் கடக்க அறிவு மட்டும் போதாது. இரக்கமும் விடாமுயற்சியும் வேண்டும். புற்றுநோய்க்கான கதிர்மருத்துவத்தை எளிய மக்களுக்கு எட்டச் செய்வதற்காகத் தம் வாழ்வின் பிற்பகுதியை ஈந்த மருத்துவர் முத்துலட்சுமி அம்மையாரின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

திரைக்குள்ளிருந்து கல்லூரிக்கு

அன்றைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886 ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி, மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கிய கல்வியாளர். தாய் சந்திரம்மாள், இசைவேளாளர் மரபில் வந்தவர். அம்மரபுப் பெண்களைச் சமூகம் எவ்வாறு நடத்தியது என்பதை இளமையிலேயே கண்டுணர்ந்தவர் முத்துலட்சுமி. பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட அறப்போர்கள் பலவற்றுக்கும் வேர் அங்கேதான் இருந்தது.

பெண் குழந்தை பருவமடைந்ததும் பள்ளியை விட்டு நிறுத்திவிடுவது அக்கால வழக்கம். முத்துலட்சுமியும் வீட்டிலிருந்தபடியே பாடம் பயின்றார். தந்தையார் ஊக்கமளிக்க, தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேர்வெழுதி வெற்றி பெற்றார். மேற்படிப்புக்கு அவ்வூரில் இருந்ததோ ஆண்கள் பயிலும் மகாராஜா கல்லூரி ஒன்றே. அங்கு ஒரு பெண் சேர்வதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார், உதவித்தொகையும் வழங்கினார். அக்கல்லூரியில் அடியெடுத்து வைத்த முதல் மாணவி முத்துலட்சுமியே ஆவார்.

1907 ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பெண்களை மருத்துவ மாணவராக ஏற்கத் தயங்கிய அக்காலச் சூழலில் பரிசுகளும் பதக்கங்களும் பெற்றுத் தம் தகுதியை மெய்ப்பித்தார். 1912 இல் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றிய பின்னர்த் தனியாகவும் மருத்துவம் செய்யத் தொடங்கினார். 1914 இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம் பொதுப்பணிக்கும் தன்மதிப்புக்கும் இடையூறு நேராத இணைவாழ்வையே அவர் விரும்பினார். கணவரும் அதற்கு முழுமனத்துடன் இசைந்தார். இராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்னும் இரு மைந்தர்கள் அவர்களுக்குப் பிறந்தனர். இவர்களுள் கிருஷ்ணமூர்த்தி, அன்னையின் பெருங்கனவுக்கு வடிவம் தரும் மருத்துவராகப் பின்னாளில் உருவானார்.

கைவிட்ட கல்வி

மருத்துவராகப் புகழ் பெற்றிருந்த அந்நாளில், 1920-களின் தொடக்கத்தில், முத்துலட்சுமியின் தங்கை நோயுற்றார். நோய் இன்னதென்று தெளிவாவதற்குள் அது முற்றிவிட்டது. வந்திருந்தது புற்றுநோய். உடன்பிறந்தவர் மருத்துவர், கொழுநரோ மருத்துவர், சென்னையின் தேர்ந்த மருத்துவர் பலரும் அறிமுகமானவர். எனினும் எவராலும் அந்த இளம்பெண்ணைக் காக்க இயலவில்லை. அவர் பட்ட வலியைத் தணிப்பதற்கே போராட வேண்டியிருந்தது. தமக்கையின் கண்முன்னே அவர் உயிர் நீத்தார்.

அத்துயரம் முத்துலட்சுமியின் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று. ஆயினும் அவர் அதனைத் தம் குடும்பத் துயரமாக மட்டும் கருதவில்லை. கற்றவரும் வசதியுடையவருமான ஒரு மருத்துவர் குடும்பத்துக்கே இந்நிலை என்றால், ஊர்ப்புறத்தில் மருத்துவரையே காணாமல் வாழும் பெண்களின் நிலை என்ன என்னும் வினா அவரை விடாமல் தொடர்ந்தது. பெண்கள் தம் உடல்நோயை வெளியே சொல்லக் கூசிய காலம் அது. வலி பொறுக்க இயலாத நிலையில்தான் மருத்துவரை நாடுவர். அதற்குள் காலம் கடந்துவிடும்.

உலகின் வேறு பகுதிகளில் அறிவியல் அதற்குள் நெடுந்தொலைவு முன்னேறியிருந்தது. 1895 இல் இராண்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1898 இல் மேரி கியூரியும் பியரி கியூரியும் ரேடியத்தைக் கண்டறிந்தனர். இக்கதிர்கள் உயிரணுக்களைச் சிதைக்க வல்லவை என்பதும், கட்டுப்பாடின்றிப் பெருகும் புற்றணுக்களை அவற்றால் அழிக்கலாம் என்பதும் சில ஆண்டுகளிலேயே தெரியவந்தன. ரேடியம் அடைத்த நுண்ணிய ஊசிகளையும் குழல்களையும் புற்றுக்கட்டியின் உள்ளேயோ அருகிலோ வைத்துச் சிகிச்சை அளிக்கும் முறை ஐரோப்பிய நகரங்களில் வளர்ந்தது. ஆனால் ரேடியம் மிக அரிய பொருள், விலையும் மிகுதி. எனவே அது பெருநகரங்களின் எல்லையைத் தாண்டவில்லை.

இலண்டனில் கண்ட வழி

1925 இல் அரசின் உதவித்தொகை பெற்று முத்துலட்சுமி இங்கிலாந்து சென்றார். பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கான மருத்துவத்தில் உயர்பயிற்சி பெறுவது அப்பயணத்தின் நோக்கம். அங்குப் புற்றுநோய்க்கென்றே தனியாக இயங்கிய மருத்துவமனையையும் கண்டார். இன்று ராயல் மார்ஸ்டன் என்னும் பெயரால் வழங்கும் அம்மருத்துவமனைக்கு ஒரு வரலாறு உண்டு. வில்லியம் மார்ஸ்டன் என்னும் மருத்துவர் தம் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரின் விளைவாக 1851 இல், கட்டணம் செலுத்த இயலாதவர்க்கும் சிகிச்சை தரும் புற்றுநோய் மருத்துவமனையை அவர் தொடங்கினார்.

உடன்பிறந்தாளை இழந்த முத்துலட்சுமிக்கு அவ்வரலாறு வழிகாட்டும் விளக்காக அமைந்தது. புற்றுநோய் என்றால் மரணம் என்னும் முடிவை அங்குள்ளோர் ஏற்கவில்லை என்பதை அவர் கண்டார். நோயைத் தொடக்கத்திலேயே அறிந்தால் அறுவையாலும் கதிர்களாலும் பலரைக் காக்க இயலும் என்பதை உணர்ந்தார். இதற்குத் தேவையானவை மூன்று: தேர்ந்த மருத்துவர்கள், தகுந்த கருவிகள், வறியவரையும் ஏற்கும் ஒரு தனி மருத்துவமனை. இம்மூன்றையும் சென்னையில் உருவாக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

சட்டமன்றமும் ஔவை இல்லமும்

தாயகம் திரும்பிய அவரைப் பொதுவாழ்வு அழைத்தது. 1926 ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அதன் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்னும் சிறப்பு அவருக்கு வாய்த்தது. தேவதாசி முறையை ஒழிக்கவும், குழந்தைமணத்தைத் தடுக்கவும், பெண்கல்வியைப் பெருக்கவும் அவையில் அஞ்சாமல் குரல் கொடுத்தார். காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930 இல் அப்பதவியைத் துறந்தார்.

தேவதாசி முறைக்கு எதிராகப் பேசியதோடு அவர் நின்றுவிடவில்லை. அம்முறையிலிருந்து விடுபட்டு வந்த சிறுமியர்க்குத் தங்க இடமில்லை. மாணவியர் விடுதிகளும் அவர்களை ஏற்க மறுத்தன. அடைக்கலம் தேடி வந்தவர்களைத் தம் இல்லத்திலேயே வைத்துக் காத்தார். அம்முயற்சியே ஔவை இல்லமாக வளர்ந்தது. சட்டத்தால் கிடைக்கும் விடுதலை முழுமை பெற வேண்டுமானால், விடுதலை பெற்றவர்க்கு உணவும் உறைவிடமும் கல்வியும் வேண்டும் என்பதை அவ்வில்லத்தின் வாயிலாக அவர் நாட்டுக்கு உணர்த்தினார்.

இப்படிப்பினை அவரது மருத்துவப் பணிக்கும் துணைநின்றது. உரிமை ஏட்டில் இருப்பது வேறு; அது எளியவரின் கைக்கு வருவது வேறு. மருந்தும் அத்தகையதே. ஒரு கருவி நகரில் இருப்பதனாலேயே அதன் பயன் நாட்டுப்புறத்தாருக்குக் கிடைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

பத்தொன்பது ஆண்டுக் காத்திருப்பு

1934 இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. எக்ஸ் கதிர்ப் படப்பிடிப்பிலும் கதிர்ச்சிகிச்சையிலும் அது சிறந்த தொடக்கமாக அமைந்தது. எனினும் மொழியாலும் பரப்பாலும் விரிந்து கிடந்த சென்னை மாகாணம் முழுமைக்கும் அது ஒன்று போதுமானதன்று. புற்றுநோயாளர் பொது மருத்துவமனையின் பல பிரிவுகளிலும் சிதறிக் கிடந்தனர். அறுவை, கதிர்ச்சிகிச்சை, தொடர்கண்காணிப்பு, ஆராய்ச்சி ஆகிய அனைத்தும் ஒரே கூரையின்கீழ் அமைந்த தனி நிறுவனம் இல்லை.

1935 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அவ்விழாவில் உரையாற்றிய முத்துலட்சுமி, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று தேவை என்னும் கருத்தை வெளியிட்டார். கேட்டவர்கள் பாராட்டியிருக்கலாம், பொருளுதவி செய்ய முன்வந்தவர் மிகச் சிலரே. புற்றுநோய் வந்தால் இறப்பு உறுதி, அதற்காக எதற்கு ஒரு மருத்துவமனை என்னும் எண்ணமே கற்றவரிடத்தும் ஆட்சியாளரிடத்தும் மேலோங்கியிருந்தது. காலரா, மலேரியா, காசநோய் முதலியவை கூட்டங்கூட்டமாக உயிர்களைக் கொண்டு சென்ற அந்நாளில், புற்றுநோய் ஒரு பெருஞ்சுமையாகப் பலருக்குத் தோன்றவில்லை.

முத்துலட்சுமி மனந்தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு 1949 இல் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. பெண்கள் பொதுமக்களிடம் சென்று நன்கொடை திரட்டினர். வேண்டுகோள் விடுப்பது, அமைச்சர்களைச் சந்திப்பது, மடல்கள் எழுதுவது, மறுப்பு வந்தால் மீண்டும் முயல்வது எனக் காலம் கழிந்தது. 1952 ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று, பிரதமர் ஜவகர்லால் நேரு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். அப்போது முத்துலட்சுமிக்கு அகவை 66. பலர் ஓய்வை நாடும் அந்த வயதில் அவர் ஒரு புதிய பணியைத் தொடங்கினார்.

பன்னிரண்டு படுக்கைகள்

1954 ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் நிலையம் செயல்படத் தொடங்கியது. அன்று அங்கிருந்தவை 12 படுக்கைகள் மட்டுமே. பெரிய கட்டடங்கள் இல்லை. போதிய பணியாளர் இல்லை. நிலையான வருவாயும் இல்லை. இருந்ததெல்லாம் முத்துலட்சுமியின் உறுதியும், மகன் கிருஷ்ணமூர்த்தியின் அர்ப்பணிப்பும்தான். வேறிடத்தில் பொருளீட்டும் வாய்ப்பிருந்தும் அவர் அன்னையின் பணியைத் தம் பணியாக ஏற்றார். 1955 இல் மருத்துவர் வி. சாந்தா அவர்களோடு இணைந்தார். பெண் மருத்துவர்கள் பெரும்பாலும் மகப்பேற்று மருத்துவத்தையே தேர்ந்த காலத்தில், அவர் புற்றுநோய் மருத்துவத்தைத் தேர்ந்தார். நிலைய வளாகத்திலேயே தங்கி, நோயாளரோடு வாழ்ந்து, 2021 இல் மறையும்வரை அப்பணியைத் தொடர்ந்தார்.

பணமின்மையைக் காரணம் காட்டி நோயாளரைத் திருப்பி அனுப்பலாகாது என்பது அந்நிறுவனத்தின் அடிப்படை அறமாயிற்று. செலுத்த இயன்றவர் செலுத்துவர், இயலாதவர் பெறுவர், சிகிச்சையின் தரம் இருவர்க்கும் ஒன்றே. பொதுமக்களின் நன்கொடையால் வளர்ந்த ஒரு நிறுவனம், பொதுமக்களுக்கே உரியதாகத் திகழ்வதற்கு அந்த அறமே காரணம்.

கோபால்ட் வந்த கதை

ரேடிய ஊசிகள் உடலின் எல்லாப் பகுதிக்கும் பயன்படமாட்டா. அக்கால எக்ஸ் கதிர்க் கருவிகளோ ஆழத்திலுள்ள கட்டியை அடைவதற்குள் மேல்தோலைப் புண்ணாக்கிவிடும். இவ்விரு குறைகளுக்கும் விடையாக வந்தது கோபால்ட்-60 என்னும் கதிரியக்க ஐசோடோப்பு. அணுவுலையில் கோபால்ட் உலோகத்தை நியூட்ரான்களுக்கு ஆட்படுத்தி இது உண்டாக்கப்படுகிறது. இது வெளியிடும் காமா கதிர்கள் ஆற்றல் மிக்கவை. அவற்றின் முழுத்தாக்கம் தோலின் மேற்பரப்பில் இராமல் சற்று உள்ளே அமைவதால் தோல் பெரிதும் காக்கப்படுகிறது. ஆழத்திலுள்ள கட்டிக்கும் போதிய கதிர் சென்று சேர்கிறது. 1951 இல் கனடா நாட்டில் நோயாளர்களுக்கு முதன்முதலாக இம்முறையில் சிகிச்சை அளிக்கப்பட்டது.

அந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்து பத்தாண்டு கழிவதற்குள், கனடாவில் உருவான எல்டொராடோ என்னும் கோபால்ட் கருவி அடையாற்றை அடைந்தது. இந்தியாவில் நிறுவப்பட்ட முதல் தொலைக்கதிர் கோபால்ட் கருவி அதுவே. ரேடியம் கண்டறியப்பட்டுக் கால் நூற்றாண்டு சென்ற பின்னரும் முத்துலட்சுமியின் தங்கைக்கு அதன் பயன் கிட்டவில்லை. கோபால்ட்டோ மேலைநாடுகளில் பயன்பாட்டுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே தமிழ்நாட்டு ஏழைக்குக் கிடைத்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே நின்று காலத்தைச் சுருக்கியவர் முத்துலட்சுமி அம்மையார். அவரது வாழ்வின் பெரும்பேறு இதுவே எனலாம்.

அந்நாளில் தமிழகப் பெண்களை மிகுதியாகத் தாக்கியது கருப்பைவாய்ப் புற்றுநோய். இளமையில் மணமும் தொடர்ந்த மகப்பேறுகளும் மருத்துவப் பரிசோதனையின்மையும் சேர்ந்து ஊர்ப்புறப் பெண்களை அந்நோய்க்கு ஆளாக்கின. கதிர்ச்சிகிச்சையால் நன்கு கட்டுப்படும் புற்றுநோய்களுள் இதுவும் ஒன்று. எனவே, அடையாற்றில் வந்திறங்கிய கருவி பெரும்பாலும் யாருக்குத் தேவைப்பட்டதோ அவர்களுக்கே பயன்பட்டது.

தொலைவு என்னும் நோய்

கதிர்ச்சிகிச்சை ஒரே நாளில் முடிவதன்று. முழு அளவுக் கதிரை ஒரே வேளையில் செலுத்தினால் புற்றணுக்களோடு நலமான அணுக்களும் அழிந்துவிடும். எனவே, அதனைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாளாக, ஐந்து அல்லது ஆறு வாரங்கள் வரை செலுத்துவர். நலமான அணுக்கள் இடைப்பட்ட நேரத்தில் தம்மைச் சீர்செய்துகொள்ளும். புற்றணுக்களுக்கு அவ்வாற்றல் குறைவு. அறிவியல் கண்ட நுட்பமான ஏற்பாடு இது.

ஆனால், இந்த ஏற்பாடே ஊர்ப்புற ஏழைக்குப் பெருந்தடையாக மாறுகிறது. ஒவ்வொரு முறையும் கருவியின்கீழ்ப் படுத்திருக்கும் நேரம் சில நிமிடங்களே. அச்சில நிமிடங்களுக்காக, தொலைவிலுள்ள ஊரைச் சேர்ந்த கூலித்தொழிலாளி ஒருவர் ஒன்றரை மாதம் நகரில் தங்க வேண்டும். அவர் தனியாக வர இயலாது. துணைக்கு ஒருவர் வர வேண்டும். இருவர் வருவாயும் நின்றுபோகும். வீட்டிலுள்ள குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார் யார்? ஆடுமாடுகளைப் பேணுவார் யார்? நகரில் தங்குவதற்கு இடம் எங்கே? சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும் இச்செலவுகள் இலவசமாவதில்லை. வலி சற்றுக் குறைந்ததும் சிகிச்சையை இடையிலேயே விட்டு ஊருக்குத் திரும்பிவிடுவோர் உண்டு. அவ்வாறு அரைகுறையாக நின்ற சிகிச்சை நோயை வெல்வதில்லை.

ஆகவே, புற்றுநோய் மருத்துவமனை என்பது கருவி வைக்கும் கட்டடம் மட்டுமன்று. நோயாளரும் துணைவரும் தங்க இடம், உண்ண உணவு, எதை ஏன் செய்கிறோம் என்று எளிய மொழியில் விளக்கும் செவிலியர், ஊருக்குத் திரும்பியவரை மடல் வழியேனும் தொடரும் பதிவேடு ஆகியவையும் சிகிச்சையின் பகுதிகளே. தேவதாசிச் சிறுமியரின் விடுதலைக்கு ஔவை இல்லம் எவ்வாறு இன்றியமையாததாயிற்றோ, அவ்வாறே நோயாளரின் மீட்புக்கு இவையும் இன்றியமையாதவை. அம்மையாரின் இருபெரும் பணிகளையும் இணைக்கும் இழை இது.

தெரியுமா?

கோபால்ட்-60 ஐசோடோப்பின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 5.27 ஆண்டுகள். அதாவது, அக்காலத்துக்குள் அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறைந்துவிடும். எனவே, ஒரே அளவு கதிரைச் செலுத்த ஆண்டு செல்லச் செல்ல மிகுதியான நேரம் தேவைப்படும். சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய கோபால்ட்டை நிரப்ப வேண்டும். ஆயினும் கதிரை உண்டாக்க இதற்கு மின்சாரம் தேவையில்லை. இக்காலத்தில் பரவலாகப் பயன்படும் நேரியல் முடுக்கி என்னும் கருவி, மின்னாற்றலைக் கொண்டு எலக்ட்ரான்களை விரைவுபடுத்திக் கதிர்களை உண்டாக்குகிறது. கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரை நுட்பமாகச் செலுத்த வல்லது. ஆனால் அதற்குத் தடையற்ற மின்சாரமும், குளிர்விக்கும் அமைப்பும், பழுதுபார்க்கும் பொறியாளரும், கதிரின் அளவைக் கணிக்கும் மருத்துவ இயற்பியலாளரும் வேண்டும். மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் பாபாட்ரான் என்னும் கோபால்ட் கருவியை உள்நாட்டிலேயே உருவாக்கியுள்ளது.

தொடரும் பயணம்

1956 இல் இந்திய அரசு முத்துலட்சுமி அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. 1968 ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று, 82 ஆம் அகவை நிறைவதற்குச் சில நாள்களே இருந்த நிலையில், அவர் மறைந்தார். பன்னிரண்டு படுக்கைகளோடு அவர் தொடங்கிய நிலையம் மருத்துவமனையாகவும் ஆராய்ச்சிக்கூடமாகவும் புற்றுநோய் மருத்துவர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரியாகவும் விரிந்தது. அவரைத் தொடர்ந்து அதனை வளர்த்த மருத்துவர் சாந்தாவுக்கு 2005 இல் மகசேசே விருது கிடைத்தது. கருவுற்ற ஏழைத்தாய்மார்க்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் முத்துலட்சுமியின் பெயரால் வழங்கப்படுகிறது.

அவர் மறைந்த மறு ஆண்டில், புற்றுநோயால் மறைந்த முதலமைச்சர் அறிஞர் அண்ணாவின் நினைவாகக் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை அமைந்தது. சென்னையின் எல்லையைத் தாண்டி இம்மருத்துவம் வெளியே அடியெடுத்து வைத்ததற்கு அஃது ஓர் அடையாளம். மதுரை, கோயம்புத்தூர், தஞ்சாவூர், திருநெல்வேலி முதலிய நகரங்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கதிர்ச்சிகிச்சைப் பிரிவுகள் உருவாயின. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வறியவரின் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஒரு காலத்தில் மாகாணத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் சென்னையை நோக்கி வர வேண்டியிருந்த நிலை இன்று பெரிதும் மாறியுள்ளது.

எனினும் பயணம் முடிந்துவிடவில்லை. கருவி இருக்கும் நகரத்துக்கும் மலையடிவாரச் சிற்றூருக்கும் இடையே இன்றும் தொலைவு இருக்கிறது. கருவி இருந்தும் அதை இயக்குவோர் குறைவாக இருக்கும் இடங்கள் உள்ளன. இந்தியாவின் பிற மாநிலங்கள் பலவற்றிலும், ஆப்பிரிக்க நாடுகளிலும் கதிர்ச்சிகிச்சைக்காக நோயாளர் நெடுந்தொலைவு செல்லும் நிலை நீடிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயைப் பற்றிய அச்சமும் கூச்சமும் இன்னும் பலரை மருத்துவமனை வாயிலிலிருந்து விலக்கியே வைத்துள்ளன. உடலில் தோன்றும் கட்டியையோ ஆறாத புண்ணையோ இயல்புக்கு மாறான குருதிப்போக்கையோ மறைக்காமல் உரிய காலத்தில் மருத்துவரிடம் காட்டுபவர், அத்தொலைவின் ஒரு பகுதியைத் தாமே கடந்துவிடுகிறார். அவர் கடந்து வரும்போது மறுபுறத்தில் மருத்துவம் காத்திருக்க வேண்டியது சமூகத்தின் கடமை.

தம் தங்கைக்குக் கிடைக்காத ஒன்றை முன்பின் அறியாத ஆயிரமாயிரம் தங்கையர்க்குக் கிடைக்கச் செய்தவர் முத்துலட்சுமி அம்மையார். முதல் பெண் என்னும் அடைமொழியோடு அவரைப் பற்றிச் சொல்லப்படும் செய்திகள் பல. அவற்றுள் எதற்கும் குறையாத பெருமை, கடைசியில் நிற்பவரையும் மருத்துவம் எட்ட வேண்டும் என்று அவர் விழைந்ததற்கு உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலிருந்து கதிர்ச்சிகிச்சை வசதியுள்ள மிக அருகிலுள்ள அரசு மருத்துவமனை எங்குள்ளது? அங்குச் சென்றுவர ஆகும் நேரத்தையும் செலவையும் கேட்டறிந்து குறிப்பு ஒன்று எழுதுக.

2. ஔவை இல்லம், அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகிய இரண்டின் நோக்கங்களிலும் காணும் ஒற்றுமையை வகுப்பில் கலந்துரையாடுக.

3. புற்றுநோய் பற்றி மக்களிடம் நிலவும் தவறான நம்பிக்கைகளைத் தொகுத்து, ஊராட்சி அலுவலகத்தின் முன் வைப்பதற்குரிய விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒன்றை உருவாக்குக.